மூன்றாவது சரணத்தில் இறக்க வேண்டிய பாகு

என் கணவருக்கு ஒரு சொல் பிடித்துக்கொண்டது. மற்ற வீட்டு ஆண்பிள்ளைகளுக்குச் சீட்டாட்டம் பிடிக்கும், அரசியல் பிடிக்கும், ஒன்றும் இல்லாவிட்டால் பொடியாவது பிடிக்கும். எங்கள் வீட்டில் ‘பதம்’ பிடித்தது. பிடித்த நேரமும் நல்ல நேரம். என் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வீட்டில் தலைக்கு மேல் வேலை கிடந்தது.

அவர் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். கோட்டைக்குள் ஒரு தெருவில் நாங்கள் நாலு பேர் குடியிருந்தோம்: அவர், நான், மாமியார், நாத்தனார். மாமனார் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடை மாடியில் உட்கார்ந்து சங்கீத மாதப் பத்திரிகை நடத்திய சிநேகிதர் ஒருவர், “சங்கீதத்திலே பதம்னா என்னன்னு நாலு பக்கம் எழுதிக் கொடும் ஓய்” என்று இவரைக் கேட்டுவிட்டார். நடந்தது அவ்வளவுதான்.

என்னைக் கேட்டிருந்தால் நாலு வரியில் சொல்லியிருப்பேன். பதம் என்பது மெதுவாகப் பாடுகிற பாட்டு. அதில் ஒரு பெண் தன் நாயகனைப் பற்றித் தோழியிடம் குறை சொல்லுவாள். கேட்டால் குறை மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது ஆசை. ஆடுகிறவர்கள் அதற்கு அபிநயம் பிடிப்பார்கள். தீர்ந்தது. ஆனால் அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்; அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இருந்தாலும் கேட்கவில்லையே என்ற கோபம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

“மத்த அர்த்தத்தையெல்லாம் மொதல்லே ஒதுக்கி வெச்சாத்தான் சங்கீத அர்த்தம் தனியாத் தெரியும்” என்றார் அவர். மற்ற அர்த்தங்களை ஒதுக்குவதற்கு அவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டுமல்லவா? அதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டார். அகராதியைப் பார்த்து எழுதக் கூடாது. யாராவது அந்தச் சொல்லைத் தானாகப் பேச வேண்டும், அதைத் தன் காதால் கேட்க வேண்டும். கேட்டவுடன் ஒரு துண்டுக் காகிதத்தில் அந்த வாக்கியத்தை எழுதி, அடியில் சொன்னவர் யார், எந்த இடம் என்று குறிக்க வேண்டும். காகிதத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளின் பழைய பரீட்சைத் தாள்களைக் கிழித்துக்கொண்டார். ஒரு பக்கம் பதம், மறு பக்கம் எவனோ ஒரு பையனின் உளறல். வீடு பெருக்கும்போது நான் இரண்டு பக்கத்தையும் படிப்பேன். பையனுடைய பக்கம்தான் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

சீட்டுகள் முதலில் ஒரு பிஸ்கெட் டப்பாவில் இருந்தன. பிறகு நான் வடாம் போட்டு வைத்திருந்த டின்னுக்குக் குடிபோயின. வடாம் எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, “ஏதோ ஒரு பக்கம் வெச்சேன்” என்றார். அந்த ஒரு பக்கத்தை எறும்புகள் கண்டுபிடித்துவிட்டன, நான் கண்டுபிடிக்கவில்லை.

நாவிதர் ஒரு நாள் இவர் முகத்தில் சோப்பைத் தடவி, கத்தியைத் தோலில் இழுத்துப் பார்த்து, “கத்தி இன்னும் பதமாகல்ல சாமி” என்றாராம். இவர் துள்ளி எழுந்து உள்ளே ஓடி வந்தார், பென்சில் தேடினார், எழுதினார். பிறகு கூர்மைக்கும் பதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று நாவிதரைக் குடைய ஆரம்பித்தார். அவருக்கு அடுத்த வீட்டில் வேலை. ஒரு கன்னத்தை முடித்துவிட்டு, மற்றதற்கு மறுநாள் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். அன்றைக்கு இவர் ஒரு கன்னத்தோடுதான் பள்ளிக்கூடம் போனார். கேட்டவர்களிடம் எல்லாம் பதத்தைப் பற்றிச் சொன்னாராம்.

பக்கத்து வீட்டு வேத வாத்தியாரிடம் போனார். வேதத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து ஓதுவதற்குப் பதம் என்று பேர் என்று அவர் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் ஓதியும் காட்டினார். இவர் நடுவில் எழுந்திருக்க முடியாமல் ஒரு காலை முழுவதும் கைகட்டி நின்றார். பாதம் என்பதற்கும் பதம், பதவிக்கும் பதம், செய்யுளில் ஒரு சொல்லுக்கும் பதம் என்று அங்கிருந்து மூன்று சீட்டு கிடைத்தது. நெல் கொண்டுவந்த பெண், அறுவடை செய்தவர்களுக்கு அளந்து கொடுக்கும் நெல்லைப் பதம் என்றாள். தோட்டத்தைக் கொத்த வந்தவர் மண் பதமாக இருக்கிறது என்றார். நானும் நாத்தனாரும் சோழியை உருட்டிப் பரமபதம் ஆடிக்கொண்டிருந்தோம்; அதையும் விடவில்லை. “சொன்னவர்: யாரும் இல்லை. இடம்: கூடம்” என்று எழுதிக்கொண்டார்.

இவரோடு பள்ளிக்கூடத்தில் மலையாளம் சொல்லிக்கொடுத்த முன்ஷி ஒருவர் இதைக் கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். “சாறே, கதகளிப் பதம் கேக்காதெ பதத்தைப் பத்தி எழுதினா பாவம் கிட்டும்” என்றவர், கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, காதில் கையை வைத்து, குரலை எடுத்தார். முதல் அடி முடிவதற்குள் என் மாமியார் உள்ளேயிருந்து காபியைக் கொண்டுவந்து அவர் முன்னால் டக்கென்று வைத்தாள்.

“குடியுங்கோ. இந்த ஆத்துலே பாட்டு பதிவில்லே, வழக்கமில்லே.”

அது எங்கள் வீட்டுச் சட்டம். சுலோகம் சொல்லலாம், ஆனால் ராகம் போடாமல் சொல்ல வேண்டும். நவராத்திரிக்குக் கொலு வைப்போம். வருகிற பெண்களில் யாராவது பாட ஆரம்பித்தால் பல்லவி முடிவதற்குள் அவள் கையில் சுண்டல் வந்துவிடும். சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு யார் அனுபல்லவி பாடுவார்கள்? என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் ஊர் வழக்கத்துக்காகப் பாடச் சொன்னார்களே தவிர, நான் ஒரு கீர்த்தனையை எடுத்த உடனேயே மாமியார் “மதி, மதி, போதும்” என்று நிறுத்திவிட்டாள். ஏன் இப்படி என்று கேட்க யாருக்கும் தைரியம் கிடையாது. என் கணவருக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. அவர் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் பாட்டுக் கேட்டதில்லை.

இனி என் ரகசியத்தைச் சொல்ல வேண்டும். என் பிறந்த வீடு கரமனையில். எங்கள் அடுக்களைக் கொல்லைக்கும் பின்னால் இருந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். அந்த வீட்டில், ஒரு காலத்தில் ஆடிப் பேர் வாங்கிய ஓர் அம்மாள் இருந்தாள். தினமும் மத்தியானம் இரண்டு பெண்களுக்குப் பதம் சொல்லிக்கொடுப்பாள். அந்த மாதிரிப் பாட்டுகள் குடும்பப் பெண்கள் காதில் விழக் கூடாதவை என்று என் அப்பா சொல்லியிருந்தார். அப்பா ஆபீசில் இருந்தார். பாட்டு மதிலுக்கு மேலாக வந்துகொண்டிருந்தது.

என் அம்மா பாகு காய்ச்சுவது அந்த நேரத்தில்தான். எங்கள் வீட்டில் கடிகாரம் கூடத்தில் இருந்தது. அடுக்களையில் அந்தப் பாட்டு இருந்தது. யதுகுலகாம்போதியில் ஒரு பதம், நிதானமான மிசிரசாபு தாளம். ‘வாசல் வரை வந்தவரை யார் மறித்தாரோ, சகியே’ என்று பல்லவி. வெல்லம் கரைந்து வடிகட்டி உருளி மறுபடி அடுப்பில் ஏறும்போது பல்லவி. நுரை கட்டும்போது முதல் சரணம். இரண்டாவது சரணத்தில் விறகை இழுத்துத் தீயைக் குறைக்க வேண்டும். மூன்றாவது முடிந்தால் இறக்க வேண்டும். அம்மா அதைப் பாட்டு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. “அது ரெண்டாவது வந்தாச்சு, வெறகை இழு” என்பாள். பாட்டின் நடைக்குக் கரண்டி சுற்றும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பதும் உண்டு, ஆனால் அது சாட்சிக்கு. தீர்ப்புச் சொல்வது பாட்டு.

பாகு எனக்கு ஏழு வயதில் புரிந்துவிட்டது. மூன்றாவது சரணம் புரியப் பதினைந்து வயதாயிற்று. ‘கன்னத்தில் ஒட்டிய சுண்ணாம்பு எவள் வெற்றிலைக்கோ’ என்று அது ஆரம்பிக்கும். மிச்சத்தை எழுத மாட்டேன். புரிந்த அன்றைக்கு என் காது சுட்டது, பாகு முறுகிவிட்டது, அம்மா ஏனென்று கேட்கவில்லை.

கல்யாணமாகி வந்த பிறகு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பாடியே பாகு காய்ச்சினேன். ஒருவருக்கும் தெரியாது. என் மாமியார் காய்ச்சும் பாகும் என்றைக்கும் தவறினதில்லை. அவள் காய்ச்சும்போது உதட்டை இறுக்கிக்கொண்டு உருளியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் போய் யாரும் பேசக் கூடாது. பேசினால் கரண்டியைக் காட்டுவாள். குணமே அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு வருகிறேன். எங்களவர்கள் கல்யாணத்தில் மணையில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் முன்னால் ஒரு ஜோடிப் பருப்புத் தேங்காய் வைக்க வேண்டும். பேரில்தான் பருப்பும் தேங்காயும். எங்கள் வீட்டில் செய்வது மனோகரம்: தேன்குழலை ஒடித்துப் பாகில் கிளறி, சூட்டோடு சூடாகக் கூம்புக் கூட்டில் அடைத்து, ஆறினதும் கூட்டைப் பிரித்து எடுக்க வேண்டும். முழங்கை உயரத்துக்கு அது நிமிர்ந்து நிற்க வேண்டும். பாகு இளகினால் சாய்ந்துவிடும், முறுகினால் வெடித்துவிடும். ஆயிரம் பேருக்குச் சமைக்கிற பரிசாரகரை வைத்தாலும் இதை மட்டும் அவர் கையில் கொடுப்பதில்லை. வீட்டுப் பெண்கள்தான் செய்ய வேண்டும், எல்லார் கண்ணும் அதன்மேல்தான் இருக்கும்.

என் மாமியாரின் தங்கை கல்யாணத்தில் மாலை மாற்றுகிற நேரத்தில் பருப்புத் தேங்காய் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துவிட்டனவாம். கூட்டத்தில் இருந்த ஒரு பெண், “பருப்புத் தேங்காய்க்குத் தூக்கம் வந்துடுத்து, பாய் போடுங்கோ” என்று சத்தமாகச் சொல்லி, பந்தல் முழுவதும் சிரித்ததாம். எத்தனையோ வருஷம் ஆகியும் என் மாமியார் அதைச் சொல்லும்போது சோற்றைத் தள்ளி வைத்துவிடுவாள். அந்தப் பெண்தான் இப்போது நாகர்கோவிலில் இருந்து எங்களுக்குச் சம்பந்தியாக வந்துகொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மாமியாருக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. கை தூக்க வரவில்லை. தைலம் தேய்த்தாள், வெந்நீர் ஒற்றினாள், திட்டியும் பார்த்தாள். கடைசியில் என்னைக் கூப்பிட்டாள்.

“பருப்புத் தேங்காய் நீ பண்ணு.”

“நானா அம்மா?”

“பின்னே? கை எனக்குத்தானே பிடிச்சிண்டிருக்கு, ஒனக்கு என்ன கேடு? கேட்டியோ, அது மட்டும் சாஞ்சுதுன்னா நான் அந்த மாமி மொகத்திலே முழிக்கமாட்டேன். ஒம் மொகத்திலேயும்.”

வந்து மூன்று வருஷத்தில் அவள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் காரியம். சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கமாக, உடனே போய்க் கூம்புக் கூடு இரண்டையும் எடுத்துத் துடைத்து வைத்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை. கிணற்றடியில் கொட்டகை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பரிசாரகரின் அடுப்புகள், ஓர் ஓரத்தில் என் அடுப்பு. தேன்குழல் முந்தின நாளே தயார். ஓர் உருளிப் பாகில் ஜோடியும் ஆகும்; தேன்குழலும் வெல்லமும் இரண்டு தடவைக்கு இருந்தன. உருளியை ஏற்றி, மனசுக்குள் பல்லவியை எடுத்து, கரண்டியைச் சுற்ற ஆரம்பித்தேன். முதல் சரணம் வரை ஒரு குறையும் இல்லை. அப்போது பென்சிலும் சீட்டும் கையுமாக என் கணவர் வந்து சேர்ந்தார்.

“இப்போ என்ன பதம்?”

நான் முதல் சரணத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

“கம்பிப் பதமா, தக்காளிப் பதமா? ஒன்னைத்தான் கேக்கறேன். நீ தானாச் சொல்லணும், நான் சொல்லிக்கொடுக்கப்படாது.”

கரண்டியைக் காட்டினேன். அது அவருக்கு அர்த்தமாகவில்லை. திரும்பிப் பரிசாரகரைக் கேட்டார். அவருக்கு யாராவது தன்னைக் கேட்கமாட்டார்களா என்று இருந்தது போலிருக்கிறது. பிசுக்குப் பதம், கம்பிப் பதம், இரட்டைக் கம்பி, முத்துப் பதம், உருட்டுப் பதம் என்று கரண்டியை ஆட்டி ஆட்டி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். இவர், “மெள்ள, மெள்ள, முத்துக்கு மின்னே என்ன சொன்னேள்?” என்று எழுதிக்கொண்டே வந்தார். நான் இரண்டாவது சரணத்தில் இருந்தேனா, அதைத் தாண்டிவிட்டேனா? பெரிய உருளியானால் இரண்டாவதின் முதல் அடியை இரண்டு தடவை பாடுவது என் வழக்கம். ஒரு தடவை பாடினேனா, இரண்டா? போனது போனதுதான். சரி, சாட்சியைக் கூப்பிடலாம் என்று தட்டில் தண்ணீர் விட்டு ஒரு சொட்டுப் பாகைப் போட்டேன். உருட்டிப் பார்க்கக் கையை நீட்டுவதற்குள் இவர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“நன்னாயிருக்கு” என்றார்.

குத்துமதிப்பாக இறக்கி, கிளறி, இரண்டு கூட்டிலும் அடைத்தேன். ஆறினதும் ஒன்றைப் பிரித்தேன். நின்றது. பிள்ளையாரே என்று மூச்சு விட்டேன். பிறகு நுனி மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது, அப்புறம் இடுப்பு வளைந்தது, கடைசியில் தாம்பாளத்தில் படுத்தேவிட்டது. அதே பாகில் அடைத்த மற்றதும் அப்படியே. பரிசாரகர் மரியாதைக்காகத் திரும்பிக்கொண்டார். ஆனால் அவர் தோள் குலுங்கியது. மாமியார் வந்து பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

“இன்னொரு தடவைக்கு வெல்லம் இருக்கோன்னோ” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியைத் தரையில் போட்டேன். “எல்லாம் உங்களாலே! உங்க பதத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சரணம் தவறிப்போச்சு!”

“எந்தச் சரணம்?” என்றார் அவர்.

வாயை விட்டாயிற்று, இனி என்ன? கரமனை மதிலிலிருந்து மூன்றாவது சரணம் வரை அடித்தொண்டையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவிழ்த்திருந்த ஒரு கூடைமேல் உட்கார்ந்துவிட்டார். முகம் நாவிதர் பாதியில் விட்டுப்போன அன்றைக்கு இருந்தது போல இருந்தது.

“மூணு வருஷமா ஆத்துக்குள்ளே பதம் இருக்கு. நான் ஊரெல்லாம் சுத்திண்டிருக்கேன்” என்றார். உடனே வாத்தியார் புத்தி வந்துவிட்டது. “அது சரி, வெல்லம் ஒரு வீசையானாலும் பத்து வீசையானாலும் ஒரே பாட்டா? எப்படி ஒத்துவரும்?”

“கூடினா ஒரே அடியைத் திருப்பித் திருப்பிப் பாடி நிரவல் பண்ணுவேன்” என்றேன்.

அதை எழுதப் போனவர் என் முகத்தைப் பார்த்துப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். இனி யாரையும் பக்கத்தில் விடமாட்டேன் என்று சத்தியம் செய்து கொட்டகை வாசலில் காவல் நின்றார். நான் இரண்டாவது உருளியை ஏற்றினேன். மனசுக்குள் பல்லவியை எடுத்தேன்.

அதே சமயம் தெருவில் தவில் வெடித்தது. சம்பந்தி வீட்டார் சாயங்காலம்தான் வருவதாக இருந்தது. அவர்கள் ஒரு பஸ் முன்னதாகப் பிடித்து, கிழக்கேகோட்டையில் இறங்கி, நேரே வந்துவிட்டார்கள். மேளக்காரர் சும்மா இருப்பாரா? ஆதி தாளத்தில் விளாசினார். தலைக்குள்ளே மிசிரசாபு, காதுக்குள்ளே ஆதி. இரண்டு அடியில் என் பதம் தடம் மாறி ஓட ஆரம்பித்தது. கரண்டியும் அதன் கூடவே ஓடியது. உள்ளே சம்பந்தி மாமியின் குரல் கேட்டது. வெல்லம் இதோடு சரி.

வாயைத் திறந்து பாடினேன்.

முதலில் முணுமுணுப்புதான். தவில் கேட்கவிடவில்லை. வரட்டும் என்று குரலை விட்டேன். என் கணவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். பரிசாரகர் பூசணிக்காய் நறுக்குவதை நிறுத்தினார். அனுபல்லவி, முதல் சரணம், நுரை கட்டியது. இரண்டாவது, விறகை இழுத்தேன். பாடிக்கொண்டே நிமிர்ந்தால் கொட்டகை வாசலில் மாமியார் நிற்கிறாள்.

உள்ளேயிருந்து சம்பந்தி மாமி கேட்டாள். “யாரு அங்கே பாடறா?”

“யாரும் பாடலே” என்றாள் என் மாமியார், என்மேலிருந்து கண்ணை எடுக்காமல். “பாகு காச்சறா.”

இரண்டாவது சரணம் முடிந்தது. மூன்றாவதை நான் எப்படிப் பாடுவேன்? மாமியார் முன்னால், கணவர் முன்னால், பரிசாரகர் முன்னால், கன்னத்துச் சுண்ணாம்பை? நிறுத்திவிட்டேன். உருளி மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. இதோடு என் வாழ்வு முடிந்தது என்று நிஜமாகவே நினைத்தேன்.

“எந்தாடீ நிறுத்திட்டே?” என்றாள் மாமியார்.

“அம்மா... மூணாவது...”

“மூணாவதுக்கு என்ன? அதைப் பாடாமே பாகை எப்படி எறக்குவே? கையை ஓட்டுடீ!”

சொல்லிவிட்டு அவளே எடுத்தாள். ‘கன்னத்தில் ஒட்டிய சுண்ணாம்பு’. குரல் கரகரவென்று இருந்தது. எத்தனையோ வருஷமாகத் திறக்காத பூட்டு மாதிரி முதலில் சிக்கியது, பிறகு திறந்துகொண்டது. அடிக்கு அடி அதே சங்கதி, அதே நிதானம். பிடித்துக்கொண்ட கையாலேயே தூணில் தாளம் போட்டாள். என் கணவரின் கை தொடைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. தன் தாயார் பாடி அவர் கேட்டதே இல்லை. காதிலிருந்து பென்சில் விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

கடைசி அடி முடிந்தது. “எறக்கு” என்றாள்.

இறக்கினேன். ஒரு சொட்டை உருட்டித் தட்டில் போட்டேன். டங்கென்றது.

தேன்குழலைப் போட்டுக் கிளறி, இருவருமாக அள்ளி இரண்டு கூட்டிலும் அடைத்தோம். அவள் ஒரு கையால் கூட்டைப் பிடித்துக்கொள்ள, நான் சூட்டோடு அழுத்தினேன். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“அம்மா, உங்களுக்கு எப்படி இது...”

“எங்காத்துக்கும் ஒரு மதில் இருந்ததுடீ” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு உருளியைப் பார்த்து நிற்பாளே, யாரையும் பேசவிடாமல், அது குணம் இல்லை. என்னைப் போலவே அவளும் உள்ளே பாடிக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி மூன்று வருஷமாக நான் என் அம்மாவுக்கு எழுதின கடுதாசிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து வெட்கமாகிவிட்டது.

என் கணவர் மெதுவாகக் குனிந்து பென்சிலை எடுத்தார். ஒரு சீட்டை எடுத்தார். ‘சொன்னவர்’ என்று எழுதி, அதற்கு மேல் எழுதாமல் தாயாரைப் பார்த்தார்.

“அதை இப்படிக் கொடுடா” என்றாள். வாங்கி அடுப்பில் போட்டாள். “எழுதினா ஊர் படிக்கும். போய் சம்பந்தியை விஜாரி.”

மறுநாள் மணையில் ஜோடியும் நிமிர்ந்து நின்றன. சம்பந்தி மாமி யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு விரலால் ஒன்றைத் தட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை.

“நன்னாத்தான் நிக்கறது” என்றாள்.

“பாய் எடுத்துண்டு வரச்சொல்லட்டுமா?” என்றாள் என் மாமியார். அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

கட்டுரை வந்தது. வேதத்துப் பதம், நாவிதர் பதம், மண், நெல், பரமபதம், முன்ஷியின் கதகளி, பரிசாரகரின் பாகு எல்லாம் இருந்தன. சங்கீதத்துக்கு மட்டும், ‘இது கேட்டு அறியத்தக்கது’ என்று ஒரே வரி. பத்திரிகைக்காரர் பாத்திரக்கடை மாடியிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். “ஓய், சங்கீதத்தைக் கேட்டேன், க்ஷவரத்தைக் கொடுத்திருக்கீரே!” என்று சத்தம் போட்டார். இவர் என்னைப் பார்த்தார், நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் காபியைக் கொண்டுவந்து டக்கென்று வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பாட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. நாத்தனாரின் தலைதீபாவளி வந்தது. ஒரு மத்தியானம் நாங்கள் இருவர் மட்டும் வீட்டில் இருந்தோம். அடுக்களையில் பொரிவிளங்காய்க்குப் பாகு காய்ச்சி, இறக்கி, உருண்டையும் பிடித்து முடித்தாயிற்று. தீயை அணைத்துவிட்டேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஒனக்கு நாலாவது தெரியுமோ?”

“நாலு இருக்கா அம்மா? எங்காத்திலே மூணுதான் கேட்டேன்.”

“உங்காத்து மதில் ஒசரம் போலிருக்கு” என்றாள். சிரித்தாளோ என்று சந்தேகம்.

எனக்குத் தாங்கவில்லை. “மூணாவதிலேயே பாகு ஆயிடறதே. நாலாவது எதுக்கு?”

அவள் எழுந்து போனாள். வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அது பாகுக்கு இல்லேடீ” என்றாள். “அது வெறுதே பாடறதுக்கு.”

பாடினாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.